டிராக்டர் பாட்டரியில் சார்ஜ் நிற்கவில்லையா?

தேனி மாவட்டத்தில் கடமலைக்குண்டு, மயிலாடும்பாறை, வருசநாடு பகுதிகளில் மூல வைகை ஆற்றை ஒட்டித் தென்னந்தோப்புகளும், மலையடிவாரத்தில் மானாவாரிக் காடுகளும் உள்ளன. தோப்பு உழவுக்கும், எரு அடிப்பதற்கும், தேங்காய் ஏற்றிச் செல்வதற்கும், மழை விழுந்தவுடன் காட்டை உழுவதற்கும் உழவர்கள் இன்று டிராக்டரையே பெரிதும் நம்பியிருக்கின்றனர். மானாவாரி நிலத்தில் மழை ஈரம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. பதம் பார்த்து உழ வேண்டிய அந்தக் காலையில் சாவியைத் திருப்பியதும் 'டக்' என்ற ஒலி மட்டும் எழுந்து என்ஜின் அசையாமல் நின்றுவிட்டால், சில சமயம் அந்தப் பட்டத்து விதைப்பே தவறிப் போகும்.

இத்தகைய நிலையில் பெரும்பாலோர் தேனிக்கோ ஆண்டிபட்டிக்கோ சென்று புதிய பாட்டரி ஒன்றை வாங்கி மாட்டிவிடுகின்றனர். டிராக்டரும் ஓடத் தொடங்குகிறது. ஆனால் சில மாதங்களில் புதிய பாட்டரியும் பழையதைப் போலவே படுத்துவிடுகிறது. பல ஆயிரம் ரூபாய் செலவழித்தும் குறை தீராததற்குக் காரணம், குறை இருந்த இடம் பாட்டரி அன்று என்பதே. சார்ஜ் எங்கே தடைப்படுகிறது அல்லது எங்கே வீணாகிறது என்று கண்டுபிடிக்காமல் பாட்டரியை மாற்றக் கூடாது. இதைக் கண்டறியும் முறையை உழவர்கள் தாங்களே செய்து பார்க்கும்படி இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம்.

கிணறு, வாய்க்கால், தொட்டி

தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக் கொண்டால் டிராக்டரின் மின் அமைப்பு எளிதில் விளங்கும். கிணற்று மோட்டார் நீரை இறைக்கிறது; வாய்க்கால் அதைத் தொட்டிக்குக் கொண்டு செல்கிறது; தொட்டி அதைச் சேர்த்து வைக்கிறது. டிராக்டரில் மோட்டாரின் வேலையை ஆல்டர்னேட்டர் செய்கிறது. என்ஜின் சுழலும்போது பெல்ட்டின் மூலம் இதுவும் சுழன்று மின்சாரம் தருகிறது. பழைய டிராக்டர்களில் இதற்கு டைனமோ இருக்கும். வயர்களும் எர்த் இணைப்பும் வாய்க்கால் ஆகும். பாட்டரியே தொட்டி.

தொட்டி வற்றிவிட்டது என்றால் அதற்கு நான்கு காரணங்களே இருக்க முடியும். மோட்டார் இறைக்காமல் இருக்கலாம். வாய்க்காலில் அடைப்பு இருக்கலாம். தொட்டியே விரிந்து போயிருக்கலாம். யாரும் கவனிக்காத இடத்தில் மதகு திறந்து கசிந்து கொண்டிருக்கலாம். பாட்டரி இறங்கிப் போவதற்கும் இந்த நான்கே காரணங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தால் குறை இருக்கும் இடம் தானே புலப்படும்.

பாட்டரியின் அமைப்பு

ஈயத் தகடுகளைக் கந்தக அமிலக் கரைசலில் நிறுத்தி, மீண்டும் மீண்டும் சார்ஜ் செய்யக்கூடிய பாட்டரியை 1859-ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டு அறிஞர் கஸ்டன் பிளாண்டே உருவாக்கினார். இன்று டிராக்டரில் உள்ள பாட்டரியும் அதே வகையைச் சேர்ந்ததே. 12 வோல்ட் பாட்டரியில் ஆறு அறைகள் உள்ளன. முழு சார்ஜில் ஒவ்வோர் அறையும் சுமார் 2.1 வோல்ட் தரும். மின்சாரத்தை எடுக்கும்போது தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிகிறது. அமிலம் நீர்த்துப் போகிறது. மீண்டும் சார்ஜ் செய்யும்போது அந்தப் படிவு கரைந்து, அமிலம் பழைய அடர்த்திக்குத் திரும்புகிறது.

பாட்டரியை இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் விட்டுவிட்டால் இந்தப் படிவு கெட்டிப்பட்டுக் கல்லைப் போலாகிவிடும். அதன்பின் எவ்வளவு சார்ஜ் செய்தாலும் அது முழுவதும் கரையாது. பல பாட்டரிகள் காலத்துக்கு முன்பே கெடுவது இதனால்தான்.

முதலில் பாதுகாப்பு

சார்ஜ் ஆகும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவருகிறது. ஒரு சிறு தீப்பொறி பட்டாலும் இது வெடிக்கும். ஆகவே பாட்டரியின் அருகில் பீடி, சிகரெட் கூடாது. தண்ணீர் மட்டம் பார்ப்பதற்குத் தீக்குச்சி கிழித்துக் காட்டவே கூடாது; டார்ச் விளக்கையே பயன்படுத்த வேண்டும். அமிலம் கண்ணில் தெறித்தால் பார்வை போகலாம். தெறித்துவிட்டால் உடனே நிறைய நல்ல தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பாட்டரியைக் கழற்றும்போது மைனஸ் வயரை முதலில் கழற்றி, மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். பிளஸ் வயரை முதலில் கழற்ற முற்பட்டால், ஸ்பேனர் டிராக்டரின் இரும்புப் பகுதியில் பட்டவுடன் பெரிய தீப்பொறி எழும். கையில் மோதிரம், காப்பு, கைக்கடிகாரம் இருந்தால் கழற்றி வைத்துவிடுவது நல்லது.

தேவையான கருவிகள்

சில நூறு ரூபாய் விலையுள்ள ஒரு மல்டிமீட்டர், அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், ஸ்பேனர்கள், உப்புத்தாள், இரு முனைகளிலும் வயர் பொருத்திய ஒரு சிறிய 12 வோல்ட் பல்ப் ஆகியவை போதும். ஐந்தாறு உழவர்கள் சேர்ந்து ஒரு தொகுதி வாங்கிப் பொதுவில் வைத்துக் கொள்ளலாம். மூடி திறக்க முடியாத வகைப் பாட்டரிக்கு ஹைட்ரோமீட்டர் பயன்படாது. மல்டிமீட்டரைக் கொண்டே பார்க்க வேண்டும்.

படி 1: கண்ணால் பார்த்தல்

மீட்டரை எடுக்கும் முன் பின்வருவனவற்றைப் பார்க்கவும். பாதிக் குறைகள் இங்கேயே தெரிந்துவிடும்.

1. டெர்மினல்களில் வெள்ளை அல்லது பச்சை நிறத்தில் உப்புப் பூத்திருக்கிறதா? கையால் அசைத்தால் கிளாம்பு ஆடுகிறதா? உப்பு இருந்தால் இரண்டு வயர்களையும் கழற்றி, ஆப்பச் சோடா கரைத்த வெந்நீரால் கழுவி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டி, மேலே வாசலைன் பூசவும். கழுவும்போது சோடா நீர் பாட்டரிக்குள் இறங்காதபடி மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும்.

2. பெல்ட் தளர்ந்திருக்கிறதா? இரு கப்பிகளுக்கு நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் சுமார் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை இறங்கலாம். அதற்கு மேல் இறங்கினால் பெல்ட் வழுக்கும். பளபளவென்று தேய்ந்திருந்தாலும் வெடித்திருந்தாலும் மாற்றிவிட வேண்டும். அளவுக்கு மீறி இறுக்குவதும் தவறு. ஆல்டர்னேட்டரின் பேரிங் கெட்டுவிடும்.

3. தண்ணீர் மட்டம் தகடுகளுக்கு மேல் 10 முதல் 15 மில்லிமீட்டர் வரை நிற்கிறதா? குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டுமே ஊற்ற வேண்டும். போர்வெல் நீரிலும் கிணற்று நீரிலும் உள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். அமிலத்தை ஒருபோதும் ஊற்றக் கூடாது. ஆவியாகிப் போவது நீர் மட்டுமே. அமிலம் உள்ளேயே இருக்கிறது.

4. பாட்டரியைப் பிடித்திருக்கும் சட்டம் இறுக்கமாக உள்ளதா? கல் நிறைந்த ஆற்றுப் படுகையிலும் மலையடிவாரப் பாதையிலும் ஓடும் டிராக்டரில் பாட்டரி குலுங்கினால் தகட்டில் உள்ள பசை உதிர்ந்து அடியில் சேரும். அது தகடுகளைத் தொடும் அளவுக்கு உயர்ந்தால் அந்த அறை செத்துவிடும்.

5. எலி கடித்த வயர், உராய்ந்து செம்பு தெரியும் வயர், துருப்பிடித்த எர்த் போல்ட் ஆகியவை உள்ளனவா? ஆல்டர்னேட்டரின் காற்றுத் துளைகளில் இலவம் பஞ்சும் தூசியும் அடைத்திருந்தால் அது சூடேறிக் கெடும். துலக்கிச் சுத்தம் செய்யவும்.

படி 2: தொட்டியில் எவ்வளவு இருக்கிறது?

டிராக்டரை ஓட்டி நிறுத்தியவுடன் அளந்தால் தவறான அளவு காட்டும். இரவு முழுவதும் நிறுத்திவிட்டு, காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் மல்டிமீட்டரை டி.சி. வோல்ட் நிலையில் வைத்துப் பாட்டரியின் இரு முனைகளிலும் வைத்துப் பார்க்கவும்.

12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.4 வோல்ட் என்றால் சுமார் முக்கால் பங்கு. 12.2 வோல்ட் என்றால் பாதி. 12.0 வோல்ட் என்றால் கால் பங்கு. 11.9 வோல்ட்டுக்குக் கீழ் என்றால் ஏறக்குறைய காலி. முழுமைக்கும் காலிக்கும் இடையே முக்கால் வோல்ட் அளவே வேறுபாடு உள்ளது என்பதைக் கவனிக்கவும். '12 வோல்ட் காட்டுகிறது, பாட்டரி நன்றாகத்தான் இருக்கிறது' என்று எண்ணுவது தவறு.

ஹைட்ரோமீட்டர் இருந்தால் ஆறு அறைகளையும் தனித்தனியே பார்க்கவும். முழு சார்ஜில் 1.260 முதல் 1.280 வரை இருக்கும். பாதி சார்ஜில் 1.190 அளவில் இருக்கும். ஆறு அறைகளும் ஒரே அளவாகக் குறைந்திருந்தால் பாட்டரிக்கு சார்ஜ் போதவில்லை என்று பொருள். பாட்டரி நல்லதாக இருக்கக்கூடும். ஓர் அறை மட்டும் மற்றவற்றைவிட 0.050-க்கு மேல் குறைந்திருந்தால் அந்த அறை பழுதடைந்துள்ளது. தண்ணீர் ஊற்றியவுடன் அளக்கக் கூடாது. சில மணி நேரம் ஓட்டிய பிறகே அளக்க வேண்டும்.

பாட்டரி இறங்கியிருந்தால் அடுத்த சோதனைகளுக்கு முன் வெளியில் கொடுத்து மெதுவாக சார்ஜ் செய்து கொள்ளவும். பாட்டரியின் ஆம்பியர்-மணி அளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டமே ஏற்றது. 75 ஆம்பியர்-மணி பாட்டரிக்கு 7.5 ஆம்பியர் போதும். முற்றிலும் இறங்கிய பாட்டரியை டிராக்டரைத் தள்ளி ஓட்டியே ஏற்றிவிடலாம் என்று நினைத்தால் ஆல்டர்னேட்டருக்குப் பெருஞ்சுமை ஏற்பட்டு அதுவும் சூடாகிக் கெடும்.

படி 3: ஸ்டார்ட் செய்யும்போது

கியர் நியூட்ரலில் இருப்பதையும் கைப்பிரேக் போட்டிருப்பதையும் உறுதி செய்து கொள்ளவும். ஒருவர் இருக்கையில் அமர்ந்து சாவியைத் திருப்ப, மற்றொருவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். மீட்டரின் ஊசிகளைக் கிளாம்பின் மேல் வைக்காமல் பாட்டரியின் ஈய முனையின் மேலேயே வைக்கவும். செல்ஃப் மோட்டார் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கக் கூடாது. முழு சார்ஜ் உள்ள பாட்டரி 8 வோல்ட், 7 வோல்ட் என்று சரிந்தால் அது உள்ளே கெட்டுவிட்டது அல்லது செல்ஃப் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. மீட்டர் 12 வோல்ட்டிலேயே நின்று, செல்ஃப் மட்டும் சுழலவில்லை என்றால் பாட்டரியில் குறையில்லை. இணைப்பு, சுவிட்சு, சொலினாய்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

படி 4: மோட்டார் இறைக்கிறதா?

சாவியைத் திருப்பியதும் சார்ஜ் எச்சரிக்கை விளக்கு எரிய வேண்டும். என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். ஓடும்போது அது எரிந்தால் சார்ஜ் இல்லை என்பதைப் பலரும் அறிவர். சாவி போட்டதும் அது எரியாவிட்டாலும் குறை உண்டு என்பதைச் சிலரே அறிவர். பல வகை ஆல்டர்னேட்டர்களில் இந்த விளக்கு வழியாகச் செல்லும் சிறு மின்சாரமே அதைத் தூண்டி வேலை செய்ய வைக்கிறது. விளக்கு பீஸ் போனால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருந்தும் சார்ஜ் வராமல் போகலாம். சிறு பல்பை மாற்றித் தீர்க்க வேண்டிய குறைக்கு ஆல்டர்னேட்டரையே மாற்றியவர்களும் உண்டு.

என்ஜினை ஓட்டி, நடுத்தர வேகத்தில் வைத்துப் பாட்டரி முனைகளில் வோல்ட்டை அளக்கவும். 13.8 முதல் 14.5 வோல்ட் வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் சரியாக உள்ளது. நிறுத்தியிருந்தபோது காட்டிய அளவையே காட்டினால் சார்ஜ் வரவில்லை. பாட்டரி மிகவும் இறங்கியிருந்தால் முதலில் குறைவாகக் காட்டி மெல்ல உயரும். எனவே 15 நிமிடம் ஓட்டிப் பார்த்த பின்பே முடிவுக்கு வர வேண்டும். பின்பு எல்லா விளக்குகளையும் போட்டுப் பார்க்கவும். அப்போதும் 13.2 வோல்ட்டுக்குக் கீழ் இறங்காமல் இருக்க வேண்டும்.

15 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் ரெகுலேட்டர் கெட்டுள்ளது. இது சார்ஜ் இல்லாமையைவிடத் தீங்கானது. பாட்டரி கொதித்து, தண்ணீர் அடிக்கடி வற்றி, தகடுகள் வளைந்துவிடும். பல்புகள் அடிக்கடி போவதும், வாரந்தோறும் தண்ணீர் ஊற்ற வேண்டியிருப்பதும் இதன் அறிகுறிகள்.

ஆம்மீட்டர் உள்ள பழைய டிராக்டர்களில் ஸ்டார்ட் ஆனவுடன் முள் பிளஸ் பக்கம் நன்றாக ஏறி, சிறிது நேரம் ஓடியபின் நடுவுக்கு அருகில் வந்து நிற்கும். இதைக் கண்டு 'சார்ஜ் நின்றுவிட்டது' என்று சிலர் கவலைப்படுகின்றனர். தொட்டி நிறைந்தபின் வரத்து குறைவது இயல்பே. மாறாக, நாள் முழுவதும் ஓடியும் முள் பிளஸ் பக்கமே உயர்ந்து நின்றால் பாட்டரியையோ ரெகுலேட்டரையோ சந்தேகிக்க வேண்டும். டைனமோ உள்ள டிராக்டர்கள் மெதுவான ஓட்டத்தில் சார்ஜ் தருவது மிகக் குறைவு. வேகத்தைக் கூட்டியே சோதிக்க வேண்டும்.

படி 5: வாய்க்காலில் அடைப்பு

ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் முனையில் 14.3 வோல்ட் இருந்து, பாட்டரியில் 13.2 வோல்ட் மட்டுமே வந்து சேர்ந்தால், இடையில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே போய்விடுகிறது. இதை நேரடியாக அளக்கலாம். என்ஜின் ஓட, விளக்குகள் எரிய, மீட்டரின் ஓர் ஊசியை ஆல்டர்னேட்டரின் தடித்த வயர் முனையிலும் மற்றதைப் பாட்டரி பிளஸ் முனையிலும் வைக்கவும். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வழியில் எங்கோ இணைப்புக் கெட்டிருக்கிறது. அடுத்து ஆல்டர்னேட்டரின் உடலிலும் பாட்டரி மைனஸ் முனையிலும் வைத்துப் பார்க்கவும். 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் எர்த் இணைப்பில் துரு அல்லது தளர்ச்சி உள்ளது.

எர்த் வயரை இறுக்கும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் சுரண்டி, இரும்பு வெள்ளையாகத் தெரியும்படி செய்து மாட்ட வேண்டும். டிரெய்லர் விளக்குகள் மங்கலாக எரிந்தால் அவற்றின் எர்த் கொக்கியின் வழியாகவே போகிறதா என்று பார்க்கவும். துருவும் கிரீஸும் படிந்த கொக்கி நல்ல எர்த் ஆகாது. தனியாக ஓர் எர்த் வயர் கொடுப்பதே சிறந்தது.

படி 6: கசிவைக் கண்டுபிடித்தல்

பாட்டரியும் நன்றாக இருந்து, சார்ஜும் சரியாக வந்து, இரண்டு மூன்று நாள் நிறுத்தினால் மட்டும் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், எங்கோ மதகு திறந்திருக்கிறது. சாவியை எடுத்துவிட்டு, எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்து, பாட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றவும். கழற்றிய வயருக்கும் மைனஸ் முனைக்கும் நடுவே சிறு 12 வோல்ட் பல்பை இணைக்கவும். பல்ப் எரிந்தால் கசிவு உண்டு. துல்லியமாக அறிய மல்டிமீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து அதே இடத்தில் இணைக்கலாம். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது ஸ்டார்ட் செய்யக் கூடாது; மீட்டர் எரிந்துவிடும். மணி மீட்டர், ஜி.பி.எஸ். போன்றவை சில மில்லி ஆம்பியர் எடுப்பது இயல்பே. 50 மில்லி ஆம்பியருக்கு மேல் போனால் தேட வேண்டும்.

பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்க்கவும். எதைக் கழற்றியதும் அளவு சட்டென்று குறைகிறதோ அந்த வழியில்தான் கசிவு. வெளியில் பொருத்திய பாட்டுப் பெட்டி, செல்போன் சார்ஜர், கூடுதல் விளக்குகள், டிரெய்லர் வயர் ஆகியவற்றை முதலில் சந்தேகிக்க வேண்டும். இவற்றில் பல, பியூஸ் இல்லாமல் நேரே பாட்டரியில் கட்டப்பட்டிருக்கும். எல்லாவற்றையும் கழற்றியும் கசிவு நிற்கவில்லை என்றால், பாட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைப் பிரித்து முனையில் டேப் சுற்றி, மீண்டும் சோதிக்கவும். இப்போது கசிவு நின்றால் ஆல்டர்னேட்டருக்குள் டையோடு கெட்டுள்ளது.

கணக்குப் பார்த்தல்

சில சிறு கணக்குகளைத் தெரிந்து கொண்டால் குறை விரைவில் புரியும்.

ஒரு தடவை ஸ்டார்ட் செய்ய 250 ஆம்பியர் வீதம் மூன்று வினாடி செலவானால், மொத்தம் 0.2 ஆம்பியர்-மணி அளவே ஆகும். ஆல்டர்னேட்டர் 10 ஆம்பியர் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் இது ஈடாகிவிடும். ஆகவே, நல்ல டிராக்டர் ஒன்று ஸ்டார்ட் செய்வதால் மட்டும் இறங்கிப் போவதில்லை.

ஆனால் 5 வாட் பின் விளக்கு ஒன்றை அணைக்க மறந்தால் 12 மணி நேரத்தில் 5 ஆம்பியர்-மணி போகும். 55 வாட் முன் விளக்குகள் இரண்டும் என்ஜின் ஓடாமல் நான்கு மணி நேரம் எரிந்தால் சுமார் 37 ஆம்பியர்-மணி போகும். 75 ஆம்பியர்-மணி பாட்டரியில் இது பாதி. 150 வாட் பாட்டுப் பெட்டி, என்ஜினை நிறுத்திவிட்டு மூன்று மணி நேரம் பாடினாலும் அதே அளவு போய்விடும். 0.2 ஆம்பியர் கசிவு ஒரு நாளைக்கு 4.8 ஆம்பியர்-மணியை எடுக்கும். தினமும் ஓட்டும் பருவத்தில் இது வெளியே தெரியாது. வேலையின்றிப் பத்து நாள் நிறுத்தினால் 48 ஆம்பியர்-மணி போய், மழை பெய்த அன்று டிராக்டர் கைகொடுக்காது.

மூன்று டிராக்டர்கள்

கற்றதை ஓர் எடுத்துக்காட்டால் உறுதிப்படுத்திக் கொள்வோம். 'காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை' என்று மூன்று உழவர்கள் ஒரே குறையைச் சொல்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம்.

முதல் டிராக்டரில் காலையில் 12.0 வோல்ட். வேறு பாட்டரியின் உதவியால் ஓடச் செய்து அளந்தால் 14.2 வோல்ட். கசிவுச் சோதனையில் 0.4 ஆம்பியர். டிரெய்லர் வயரைப் பிரித்ததும் கசிவு நின்றுவிடுகிறது. இங்கே செலவு சிறிது வயரும் டேப்பும் மட்டுமே.

இரண்டாவதில் காலையில் 12.1 வோல்ட். ஓடும்போதும் 12.3 வோல்ட்டே. பெல்ட் இரு விரற்கடைக்கு மேல் தளர்ந்திருக்கிறது. இறுக்கியதும் 14.1 வோல்ட் வருகிறது. இங்கே செலவு ஏதுமில்லை.

மூன்றாவதில் காலையில் 12.5 வோல்ட். செல்ஃப் அடித்தவுடன் 7.5 வோல்ட்டுக்குச் சரிகிறது. ஓடும்போது 14.3 வோல்ட். ஹைட்ரோமீட்டரில் ஓர் அறை மட்டும் மிகவும் குறைவு. இவருக்குத்தான் உண்மையிலேயே புதிய பாட்டரி வேண்டும். சோதனை செய்யாமல் கடைக்குப் போயிருந்தால் மூவருமே புதிய பாட்டரி வாங்கியிருப்பார்கள்.

செய்யக் கூடாதவை

1. செல்ஃப் மோட்டாரின் முனைகளைத் திருப்புளியால் இணைத்துக் கீழே நின்று ஸ்டார்ட் செய்யவே கூடாது. கியர் விழுந்திருந்தால் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் பாதுகாப்புச் சுவிட்சு இம்முறையில் பயனற்றுப் போகிறது. கியரில் இருக்கும் டிராக்டர் அந்த நொடியே நகரும்; நிற்பவர் பின் சக்கரத்துக்கு முன்னால் இருப்பார். பல நாடுகளிலும் உழவர்கள் இவ்வாறு உயிரிழந்திருக்கின்றனர்.

2. சார்ஜ் வருகிறதா என்று பார்ப்பதற்காக என்ஜின் ஓடும்போது பாட்டரி வயரைக் கழற்றக் கூடாது. டைனமோ காலத்தில் வந்த பழக்கம் இது. ஆல்டர்னேட்டரில் அந்தக் கணமே வோல்ட் எகிறி டையோடும் ரெகுலேட்டரும் எரிந்துவிடும்.

3. டிராக்டரிலோ அதில் மாட்டியுள்ள கலப்பை, டிரெய்லரிலோ வெல்டிங் வைக்கும் முன் பாட்டரி வயர்களையும் ஆல்டர்னேட்டர் இணைப்பையும் கழற்றிவிட வேண்டும்.

4. பிளஸ், மைனஸ் மாற்றி மாட்டக் கூடாது. ஒரு நொடி பட்டாலும் டையோடுகள் போய்விடும்.

5. இறக்கத்தில் நிறுத்தி உருட்டி ஸ்டார்ட் செய்வதை வழக்கமாக்கிக் கொள்ளக் கூடாது. மேடும் பள்ளமுமான ஊர்களில் இது எளிது என்று தோன்றும். என்ஜின் பிடிக்காமல் போனால் பவர் ஸ்டீரிங் கனத்துவிடும். பின்னால் பாரம் ஏற்றிய டிரெய்லர் இருந்தால் அதைத் தடுத்து நிறுத்துவது கடினம். மேலும் பாட்டரியின் குறை தீராமல் மறைந்தே இருக்கும்.

6. சார்ஜ் இல்லை என்பதற்காகப் பின் விளக்கின்றி இரவில் டிரெய்லரைச் சாலையில் ஓட்டக் கூடாது. பின்னால் வருபவருக்கு இருட்டில் டிரெய்லர் தெரியாது. இத்தகைய விபத்தில் போவது பெரும்பாலும் இரு சக்கர வாகனத்தில் வருபவரின் உயிரே.

வேறு பாட்டரியின் உதவி

அவசரத்துக்கு மற்றொரு டிராக்டரின் பாட்டரியைக் கொண்டு ஸ்டார்ட் செய்யலாம். இரண்டும் 12 வோல்ட் ஆக இருக்க வேண்டும். முதலில் இறங்கிய பாட்டரியின் பிளஸ், பின்பு நல்ல பாட்டரியின் பிளஸ், அதன்பின் நல்ல பாட்டரியின் மைனஸ் என்ற வரிசையில் இணைக்கவும். கடைசி முனையை இறங்கிய பாட்டரியில் இணைக்காமல், அதிலிருந்து தள்ளி என்ஜினின் பெயிண்ட் இல்லாத இரும்புப் பகுதியில் இணைக்கவும். கடைசி இணைப்பில் தீப்பொறி எழும். அது பாட்டரி வாயுவின் அருகில் இருக்கக் கூடாது. கழற்றும்போது இதே வரிசையைத் தலைகீழாகப் பின்பற்றவும்.

கோடையில் நிறுத்தி வைத்தல்

பாட்டரி சும்மா இருந்தாலும் தானே சிறிது சிறிதாக இறங்கும். வெப்பம் ஏற ஏற இந்த இழப்பும் கூடும். பங்குனி, சித்திரையில் வேலை குறைவான டிராக்டரை நிழலில் நிறுத்தி, முழு சார்ஜ் ஏற்றி, மைனஸ் வயரைக் கழற்றி வைக்கவும். மாதம் ஒரு முறை அளந்து, 12.4 வோல்ட்டுக்குக் கீழ் வந்தால் மீண்டும் ஏற்றவும். என்ஜினை இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்துவதால் பாட்டரி நிறையாது. வாரம் ஒரு முறையேனும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல் நடுத்தர வேகத்தில் ஓட்டினால்தான் பயன் உண்டு.

பழைய பாட்டரி

உண்மையிலேயே கெட்டுப்போன பாட்டரியை வீட்டில் உடைத்து ஈயம் எடுப்பது பெருந்தீங்கு. ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். கொட்டிய அமிலம் மண்ணையும் கிணற்றையும் பாழாக்கும். இந்தியாவில் 2022-ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெற்று முறையாக மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்கள் மீது வைத்துள்ளன. புதியது வாங்கும்போது பழையதைக் கடையிலேயே கொடுத்து, அதற்குரிய தொகையைக் கழித்துக் கொள்ளவும். பில்லையும் உத்தரவாத அட்டையையும் வாங்கிப் பத்திரப்படுத்தவும். வாங்கிய அன்றே வோல்ட் அளவைக் குறித்து வைத்துக் கொள்வது நல்லது.

மாதம் ஒரு முறை செய்ய வேண்டியவை

டெர்மினல்களைத் துடைத்து இறுக்குதல், தண்ணீர் மட்டம் பார்த்தல், பெல்ட்டை அழுத்திப் பார்த்தல், காலையில் நிற்கும்போதும் பின்பு ஓடும்போதும் வோல்ட்டை அளந்து ஒரு நோட்டில் தேதியுடன் எழுதுதல் ஆகிய நான்கும் கால் மணி நேர வேலையே. எழுதி வைத்த அளவுகள் மாதத்துக்கு மாதம் குறைந்து வருவதைக் கண்டால், டிராக்டர் நிற்கும் முன்பே குறையைப் பிடித்துவிடலாம். மெக்கானிக்கிடம் செல்ல நேர்ந்தாலும், 'நிற்கும்போது இவ்வளவு, ஓடும்போது இவ்வளவு, கசிவு இவ்வளவு' என்று மூன்று எண்களைச் சொன்னால் வேலை விரைவில் முடியும். தேவையற்ற உதிரிப் பாகங்களுக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இந்தச் சோதனைகள் பவர் டில்லர், சிறு சரக்கு வண்டி போன்ற 12 வோல்ட் பாட்டரி உள்ள மற்ற வண்டிகளுக்கும் பொருந்தும். ஆடி மாதம் பிறக்கும் முன் ஒரு காலை நேரத்தை இதற்கென ஒதுக்கி, உழவர் பெருமக்கள் தங்கள் டிராக்டரைச் சோதித்து வைத்துக் கொண்டால், மழை விழுந்த மறுநாள் கலப்பை தடையின்றிக் காட்டில் இறங்கும்.